பட்டினி கிடக்கும் கிருமி

காய்ச்சல் விட்டதும் மிகுதிக் குளிசைகளைக் கட்டி வைத்துவிடும் பழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. நோய் ஏன் திரும்பி வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள நாம் வயலைப் பார்த்தாலே போதும். தெளித்த மருந்து தலைகாட்டிய கோரையைக் கருக்கும். மண்ணுக்குள் உறங்கும் கிழங்கு தப்பிவிடும். ஈரம் பட்டதும் முளைக்கும்.

கிருமியின் சங்கதியும் ஏறக்குறைய இதுதான். கிருமி தன் சுவரைக் கட்டி வளரும் வேளையில் அந்த வேலையைக் குலைத்தே பெனிசிலின் அதைக் கொல்கிறது. உணவு கிடைக்காத கிருமி வளர்வதில்லை, சுவர் கட்டுவதுமில்லை. பிறகு மருந்து எதைக் குலைக்கும்? உணவு திரும்பக் கிடைத்ததும் அது விழித்துப் பெருகும். 1944இல் அயர்லாந்து அறிஞர் யோசப் பிகர், பெனிசிலின் இட்ட கிருமிகளில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒன்று தப்புவதைக் கண்டார். தப்பியவற்றின் சந்ததியோ அதே மருந்துக்கு முன்போலவே மடிந்தது. ஆகவே அவை பலம் பெற்றவையல்ல, உறங்கியவையே. (மருந்துக்கே பழகிப்போன கிருமி வேறு, அது இன்னும் பொல்லாதது.)

காசநோயில் இதன் கொடுமை பெரிது. நுரையீரலில் செத்த தசைக்குள் உணவும் ஒட்சிசனும் குறைய, கிருமிகள் நெடுநாள் சோம்பிக் கிடக்கும். சில வாரங்களில் இருமல் தணியும், உடம்பு தேறும். ஆயினும் சிகிச்சை வழக்கமாக 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பின் 4 மாதம் இரண்டு. பிந்திய மாதங்கள் இந்த உறங்குமூஞ்சிகளுக்காகவே.

இடையில் இடம்பெயர நேர்ந்தால் அடையாள அட்டையோடு சிகிச்சை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். போய்ச் சேரும் மாவட்டத்து மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் தாமதமின்றி அதைக் காட்டுங்கள்.