கவசத்துக்கும் விலை உண்டு

கலிஃபோர்னியாவின் ரூபிகான் போன்ற பாறைத் தடங்களில் ஜீப் ஓட்டுவோருக்குப் பெருங்கவலை, பின் அச்சுக்குக் கீழே தொங்கும் சஸ்பென்ஷன் தாங்கிகள்தாம். அவை வளைந்தால் சக்கரத்தின் நிலை மாறும். பற்றவைப்பு பிய்ந்தால் ஆளரவமற்ற இடத்தில் பயணம் நின்றுவிடும்.

அதற்காக அடிப்புறம் முழுவதையும் மூடுவது சிக்கனமன்று. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 39 கிலோ எடையுள்ளது. அந்த எடை எரிபொருள் செலவையும் பிரேக்கின் சுமையையும் கூட்டும்.

ஆகவே, அடிபடும் தாங்கிகளுக்கு மட்டும் கவசம் பொருத்துவதே அறிவுடைமை. தகட்டின் முன்முனை படகின் முகப்பைப்போல் மேல்நோக்கிச் சரிந்திருந்தால், வண்டி பாறையில் முட்டி நிற்காமல் வழுக்கிக் கடக்கும். சேறு வடியவும் போல்ட்டை முடுக்கவும் அதில் திறப்புகள் வேண்டும்.

காப்புக்குச் செலவிடுமுன், அடி எங்கே விழுகிறது என்று குனிந்து பார்ப்பதே முதற்பணி.