155 எண்களில் ஓர் ஒலி

1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசரின் கையேட்டில் ஒரு வெற்றுப் படிவம் இருந்தது. புதிதாக ஓர் ஒலியை உருவாக்கினால் அதன் அமைப்பை எல்லாம் கட்டம் கட்டமாகப் பேனாவால் நிரப்பி வைத்துக்கொள்ளலாம். ஆபரேட்டர் எனப்படும் ஒலி அலகுகள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் 21 எண்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னும் 19. ஒலியின் பெயருக்குப் பத்து எழுத்துகள். ஆக மொத்தம் 155. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் (அதிர்வெண் பண்பேற்ற) முறையில் இயங்கும் கருவி இது. ஒற்றை எண்ணை மாற்றி எழுதிவிட்டாலும் கோயில் மணி தகர டப்பாவாகிவிடும்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. வாசிப்பைப் பதிந்து திரும்ப ஒலிக்கவிடும் சீக்வென்சரில், மின்னிசைக் கருவிகளின் பொது மொழியான மிடியாகப் பதிவாவது எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக வாசித்தோம் என்பதுதான். எந்த ஒலியில் என்பதற்கு ‘11-ஆம் ஒலியைப் போடு’ என்ற அளவில் ஓர் எண் மட்டுமே போகும். அந்த இடத்தில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் ஒலிக்கும். ஆறு மாதம் கழித்துப் பாட்டைத் திறக்கும்போது எலெக்ட்ரிக் பியானோ இருந்த இடத்தில் வேறு யாரோ ஏற்றிய புல்லாங்குழல் உட்கார்ந்திருக்கும்.

இதற்கு மிடியிலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். பெயர் சிஸ்எக்ஸ். 240 என்ற பைட்டில் தொடங்கி 247-ல் முடியும் செய்தி. இரண்டாவது பைட் நிறுவனத்தின் அடையாளம்: ரோலண்டுக்கு 65, கோர்குக்கு 66, யமஹாவுக்கு 67. தன் எண் இல்லாத செய்தியைக் கருவி கண்டுகொள்ளாது. நடுவில் என்ன எழுதுவது என்பது அந்தந்த நிறுவனத்தின் பாடு.

சீக்வென்சரில் ஒரு டிராக்கைப் பதிவுக்குத் தயாராக வைத்துவிட்டு, டிஎக்ஸ்7-ல் அனுப்பும் பொத்தானை அழுத்தினால் 32 ஒலிகளும் 4,104 பைட்டுகளாக வந்து இறங்கும். திரையில் ஒரே ஒரு சின்ன வரியாகத்தான் தெரியும். திரும்ப வாசிக்கும்போது அதே தரவு கருவிக்குப் போய்ச் சேரும்.

சொல்வதற்கு எளிது. நடைமுறையில் தடுக்கி விழ நிறைய இடம் உண்டு. டிஎக்ஸ்7-ல் இந்தத் தரவுப் போக்குவரத்தை முதலில் அனுமதிக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது நினைவகப் பூட்டையும் திறந்திருக்க வேண்டும். சீக்வென்சர் மென்பொருளான க்யூபேஸின் மிடி வடிகட்டி, மாற்றாவிட்டால், சிஸ்எக்ஸைப் பதிய விடாது. இன்னொரு மென்பொருளான ஏபிள்டன் லைவின் டிராக்கில் அதைப் பதியும் வசதியே இல்லை. அடுத்தது வேகம். மிடி கேபிள் ஓர் ஒற்றையடிப் பாதை. நொடிக்கு 3,125 பைட்டுக்கு மேல் போகாது. 32 ஒலிகளும் போய்ச்சேர ஏறத்தாழ 1.3 நொடி ஆகும், அதுவரை அதே கேபிளில் ஸ்வரம் எதுவும் நுழைய முடியாது. அதனால்தான் அனுபவசாலிகள் பாட்டின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு பார்களைக் காலியாக விட்டு, சிஸ்எக்ஸை அங்கே வைத்தார்கள்.

என்னைக் கேட்டால், 32-ஐயும் பாட்டுக்குள் வைப்பதே வீண் வேலை. பாட்டை ஒலிக்கவிடும் ஒவ்வொரு முறையும் கருவியில் இருப்பதெல்லாம் அழிந்து புதிது ஏறும். ஓர் ஒலியை மட்டும் அனுப்பினால் 163 பைட்டுகள் போதும். நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம். அது தற்காலிக நினைவகத்துக்குத்தான் போகும், சேமித்த ஒலிகளைத் தொடாது. முழுத் தொகுப்பைத் தனிக் கோப்பாக, எந்தக் கருவி, எந்தப் பாட்டு, என்ன தேதி என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது யாருக்கு இந்தப் பாடெல்லாம், கணினிக்குள்ளேயே கருவியாக இயங்கும் பிளக்இன் எல்லாவற்றையும் தானே சேமித்துவிடுகிறதே என்பார்கள். சேமிக்கிறது, உண்மைதான். ஆனால் பல பிளக்இன்கள் சேமிக்கும் தரவை அந்தந்த பிளக்இனைத் தவிர வேறு எதனாலும் படிக்க முடியாது. 2019-ல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பில் 32-பிட் மென்பொருளைக் கைவிட்டபோது, புதுப்பிக்கப்படாத பழைய பிளக்இன்கள் அதில் இயங்காமல் போயின. அவற்றை நம்பிய பாட்டுகளில் ஸ்வரங்கள் இருக்கின்றன, ஒலி இல்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். டிஎக்ஸ்7-ன் கதை வேறு. எந்த பைட்டுக்கு என்ன பொருள் என்று யமஹா அச்சிட்டே கொடுத்திருந்ததால், நாற்பதாண்டுப் பழைய கோப்பை இன்று டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருளில் அப்படியே திறந்து வாசிக்கலாம்.

பழைய டிஎக்ஸ்7 ஒன்று கைக்கு வந்தால் பேட்டரியை மாற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உள்ளிருக்கும் 32 ஒலிகளையும் காப்பது அந்த லித்தியம் பேட்டரிதான். கழற்றினால் போயே போச்சு. எனவே முதலில் அவற்றைக் கணினிக்கு இறக்கிவிட வேண்டும். பாதிக்கு மேல் தொழிற்சாலை ஒலிகளாகவே இருக்கலாம். நடுவில் எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயரோடு ஒன்றிரண்டு கிடைத்தால், அவை முன்பு வைத்திருந்தவரின் கைவேலையாக இருக்கலாம்.