திறந்தே கிடக்கும் பாட்டு

கறுப்புத் திரையில் அருகருகே நான்கு பத்திகள். ஒவ்வொரு பத்தியிலும் எழுத்தும் எண்ணும் கலந்த குறிகள், வரிக்கு வரி. பாட்டை ஓடவிட்டால் வரிகள் கீழிருந்து மேலே நகரத் தொடங்கும். நடுவிலுள்ள பட்டையை எந்த வரி தொடுகிறதோ அந்த வரி ஒலிக்கும். முதன்முறை பார்க்கிற யாரும் இதை இசை எழுதும் இடம் என்று சொல்லமாட்டார்கள்.

இதற்குப் பெயர் ட்ராக்கர். 1980-களின் இறுதியில் பிறந்த மென்பொருள் வகை. பெரிய நிறுவனங்களின் இசை மென்பொருள்கள் நூற்றுக்கணக்கான வாத்தியங்களோடும் வண்ணத் திரைகளோடும் கிடைக்கிற இன்றைக்கும், இந்த எண்கள் ஓடும் திரையில்தான் பாட்டுக் கட்டுவோம் என்று இருப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. எனக்கும் அதுதான் பொழுதுபோக்கு. பழசின் மேல் உள்ள பாசம் மட்டும் அதற்குக் காரணமில்லை. எம்பி3 கோப்பு பாட்டைக் கேட்கத் தரும், அவ்வளவுதான். ட்ராக்கரில் செய்த மாட் கோப்பில் பாட்டோடு அதன் செய்முறையும் சேர்ந்தே வருகிறது. எந்த ஒலித்துண்டு, எந்தச் சுரத்தில், எத்தனையாவது வரியில், எவ்வளவு சத்தத்தில் என்பதெல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கும். கேட்கிறவர் அதே கோப்பைத் திறந்து ஒவ்வொரு குறியாகப் படிக்கலாம், மாற்றிப் பார்க்கலாம். இசையைப் பூட்டி வைக்காமல் பகிர்ந்துகொண்ட இப்படியொரு வடிவம் கணினி உலகில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கதை கமடோர் நிறுவனத்தின் அமிகா கணினியில் தொடங்குகிறது. 1985-ல் வந்த அமிகாவில் ஒலிக்கென்றே பாலா என்ற சிப் இருந்தது. பதிவுசெய்த ஒலித்துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, ஒரே நேரத்தில் நான்கு வரை அதனால் ஒலிக்க முடியும். இரண்டு இடது காதுக்கு, இரண்டு வலது காதுக்கு. வீட்டுக் கணினிகள் பீப் ஒலி எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில் நிஜமான டிரம் சத்தமும் பேஸ் கிடாரும் கேட்டது அன்றைய இளைஞர்களை எப்படிப் பிடித்து ஆட்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1987-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அந்த நான்கு சேனல்களையும் நான்கு பத்திகளாகத் திரையில் நிறுத்தி அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர் என்ற மென்பொருளை எழுதினார். சுரங்களை மேலிருந்து கீழாக எழுதும் முறைக்கு முன்னோடிகள் உண்டு. முந்தைய ஆண்டில் கிறிஸ் ஹுல்ஸ்பெக் கமடோர் 64-க்கு எழுதிய சவுண்ட்மானிட்டர் அவற்றில் ஒன்று. ஜெர்மானியக் கணினிப் பத்திரிகை ஒன்று அதன் நிரலை அப்படியே அச்சிட்டது, வாசகர்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டார்கள். ஒபார்ஸ்கியின் மென்பொருள் கடையில் பெரிதாக விற்கவில்லை. ஆனால் அமிகா ரசிகர் குழுக்கள் அதைப் பிரித்து, உள்ளே புகுந்து, குறைகளைத் திருத்தித் தங்கள் பெயரில் புதுப் புதுப் பதிப்புகளை வெளியிட்டன. அவர் அனுமதியோடு நடந்ததல்ல அது. அவருக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய பணமும் புகழும் வரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 1989-ல் ஸ்வீடனின் மஹோனி, காக்டஸ் என்ற புனைபெயர்க்காரர்கள் நாய்ஸ்ட்ராக்கரைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ப்ரோட்ராக்கர்தான் நிலைத்து நின்றது. 15 சாம்பிள் என்ற வரம்பு இதற்கிடையில் 31 ஆகியிருந்தது.

இனி அந்தத் திரைக்குள் கொஞ்சம் உட்காருவோம். இந்தப் பொழுதுபோக்கின் இன்பமே அங்கேதான்.

ஒரு பேட்டர்ன் என்பது 64 வரிகள். ஒவ்வொரு கட்டமும் நான்கு பைட், ஆக ஒரு பேட்டர்ன் முழுதும் சரியாக 1024 பைட். கணினியின் விசைப்பலகையே பியானோ: கீழ்வரிசையில் இஸட் என்ற எழுத்து ஷட்ஜம், எக்ஸ் ரிஷபம், சி காந்தாரம், இடையில் மேலே உள்ள எழுத்துகள் கறுப்புக் கட்டைகள். வழக்கமான வேகத்தில் ஒரு வரிக்கு ஆறு டிக், ஒரு டிக் 20 மில்லி நொடி. ஆகவே ஒரு வரி நொடியில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சுரத்துக்குப் பக்கத்தில் சாம்பிளின் எண், அதற்கும் பக்கத்தில் எஃபெக்ட் என்ற மூன்று குறிகள். சுரத்தை வழுக்கவிட, நடுங்கவிட, சத்தத்தைத் தேய்க்க, வேகம் மாற்ற, சாம்பிளின் நடுவிலிருந்து தொடங்க, எல்லாம் அந்த மூன்று குறிகளில்தான்.

நான்கு சேனல்தானே, அதில் என்ன பெரிய பாட்டு வரும் என்று தோன்றலாம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரே ஒலிதான். டிரம், பேஸ், மெட்டு என்று மூன்று போனால் மிச்சம் ஒன்றே ஒன்று. மூன்று சுரங்கள் சேர்ந்த கார்டுக்கு எங்கே போவது? ஒரு வழி, கார்டையே ஒரே சாம்பிளாகப் பதிவுசெய்து வைத்துக்கொள்வது. இன்னொரு வழி ஆர்பெஜியோ. எஃபெக்ட் கட்டத்தில் 047 என்று எழுதினால் மென்பொருள் ஆதார சுரம், அதிலிருந்து நான்காவது அரைச்சுரம், ஏழாவது அரைச்சுரம் என்று மூன்றையும் டிக்குக்கு ஒன்றாக, நொடிக்கு 50 தடவை மாற்றி மாற்றி ஒலிக்கும். வேகமாகச் சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் வட்டமாகத் தெரிவதைப் போல, காது மூன்றையும் ஒன்றாக்கிக்கொள்ளும். முழுதாக ஒன்றாகாமல் ஒரு குறுகுறுப்பு மிஞ்சும். சிப்டியூன் என்ற இசைவகையை நினைத்தாலே காதில் வரும் சத்தம் அந்தக் குறுகுறுப்புதான். 047-ஐ 037 ஆக்கினால் மேஜர் கார்டு மைனர் ஆகிவிடும். ஒரே ஓர் எண் மாறியதும் பாட்டின் முகம் வாடுகிறது.

எதிரொலிக்கும் தனிக் கருவி கிடையாது. அடித்த அதே சுரத்தை மூன்று வரி தள்ளி பாதிச் சத்தத்தில் மறுபடி எழுதவேண்டும், மேலும் மூன்று வரி தள்ளி இன்னும் குறைத்து. மெட்டு மூச்சுவிடும் இடைவெளிகளிலேயே அந்த எதிரொலி உட்கார்ந்துவிட்டால் கூடுதல் சேனல் செலவில்லை. இதேபோல் பேஸ் ஓயும் ஒரு வரியில் ஹைஹாட்டைச் செருகலாம். கேட்பவர் ஏழெட்டு வாத்தியங்கள் வாசிக்கின்றன என்று நம்புவார். எந்த ஒலி எப்போது தேவையில்லை என்று தீர்மானித்துக்கொண்டே இருக்கவேண்டிய வேலை இது. இசையில் மௌனத்துக்கு இருக்கும் இடத்தை நான் இங்கேதான் கற்றேன்.

இந்த வித்தைகளுக்குப் பாடப்புத்தகம் இருந்ததில்லை. பிடித்த பாட்டைத் திறந்து, மூன்று சேனல்களை அணைத்துவிட்டு மீதி ஒன்றை மட்டும் கேட்பதுதான் பாடம். பின்லாந்தின் மார்குஸ் கார்லோனன் கேப்டன் என்ற பெயரில் செய்த ஸ்பேஸ் டெப்ரிஸ் என்ற பாட்டை இப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். அவர் பின்னாளில் பொயட்ஸ் ஆஃப் தி ஃபால் என்ற ராக் குழுவின் கீபோர்டு கலைஞரானார். முழுப்பாட்டாகக் கேட்கையில் விரிந்து பரந்து தெரிகிற அந்த இசையை ஒவ்வொரு சேனலாகப் பிரித்தால், எவ்வளவு சிக்கனமாகக் கட்டியிருக்கிறார் என்பது புரியும்.

மாட் கோப்பில் இன்னொரு அழகு உண்டு. 31 சாம்பிள்களுக்கும் பெயரெழுதத் தலா 22 எழுத்துகளுக்கு இடம். ‘பேஸ்’, ‘டிரம்’ என்று எழுதவேண்டிய அந்த இடத்தில் இசைத்தவர்கள் கடிதம் எழுதினார்கள். பாட்டு யாருக்குச் சமர்ப்பணம், எந்த நண்பருக்கு வாழ்த்து, எந்த முகவரிக்குப் பதில் போடவேண்டும் என்று ஒரு வரிக்கு ஒரு சாம்பிளாகத் தொடரும் குறிப்புகள். இணையம் பரவாத காலம் அது. பாட்டுகள் ஃப்ளாப்பியில் ஏறித் தபாலில் நாடு நாடாகப் போயின. அனுப்புகிற பையன்கள் தபால்தலைமேல் பசை தடவி அனுப்புவதும், முத்திரையைத் துடைத்துவிட்டு அதே தலையை மறுபடி பயன்படுத்துவதும் அப்போது சகஜம்.

இந்தப் பையன்கள் கூடிய உலகம்தான் டெமோசீன். நிரல், ஓவியம், இசை மூன்றும் சேர்ந்து கணினியிலேயே நேரடியாக ஓடும் காட்சிகளைச் செய்து போட்டியிடும் கூட்டம். 1993-ல் பின்லாந்தின் அசெம்ப்ளி விழாவில் ஃப்யூச்சர் க்ரூ குழுவின் செகண்ட் ரியாலிட்டி முதல் பரிசு வாங்கியது. அதன் இசையில் பெரும்பங்கு பர்ப்பிள் மோஷன் என்ற யோன்னே வால்டோனனுடையது. அவர் பிற்காலத்தில் ஜெர்மனியில் முழு சிம்பொனி இசைக்குழுக்களுக்கு வீடியோ கேம் இசையைக் கோத்துக் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார். ஃப்யூச்சர் க்ரூவின் ஸ்க்ரீம் ட்ராக்கர் 3, ஸ்வீடனின் ட்ரைட்டன் குழுவினர் எழுதிய ஃபாஸ்ட்ட்ராக்கர் 2, ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி லிம் எழுதிய இம்பல்ஸ் ட்ராக்கர் என்று அடுத்தடுத்து வந்தவற்றால் நான்கு சேனல் 32 ஆகி, 64 ஆகிப் பெருகியது. அன்ரியல், டியூஸ் எக்ஸ் போன்ற விளையாட்டுகளின் இசை ட்ராக்கரில் செய்யப்பட்டதே. சண்டை மூண்டதும் இசை சட்டென்று வேகம் பிடிப்பதற்காக, அதே கோப்பின் வேறொரு பகுதிக்கு விளையாட்டு தாவும். 2020-ல் பின்லாந்து டெமோசீனைத் தன் தேசிய வாழும் மரபுப் பட்டியலில் சேர்த்தது, மறு ஆண்டு ஜெர்மனியும் சேர்த்தது.

திறந்து கிடப்பதன் வலியும் உண்டு. 2000-ஆம் ஆண்டு அசெம்ப்ளியில் டெம்பஸ்ட் என்ற பின்லாந்து இசைஞரின் ஆசிட்ஜாஸ்ட் ஈவினிங் என்ற நான்கு சேனல் பாட்டு பழைய கணினிகளுக்கான பிரிவில் வென்றது. சில ஆண்டுகளில் நெல்லி ஃபர்டாடோ பாடிய டூ இட் பாட்டில் அதன் மெட்டு எடுத்தாளப்பட்டிருப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்து, தயாரிப்பாளர் டிம்பலாண்ட் மீது அமெரிக்காவில் வழக்கு நடந்தது. அங்கே காப்புரிமைப் பதிவு செய்யப்படவில்லை என்ற அடிப்படையில் வழக்கு தோற்றது. மெட்டு யாருடையது என்ற கேள்வி தீர்ப்பில் முடிவாகவே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எவருக்கும் சந்தேகம் வராது என்பது என் எண்ணம்.

நம்மூரில் இந்த இசையைக் கேட்டவர்கள் பலருக்கு அதன் பெயர் தெரியாது. 2000-களின் தொடக்கத்தில் கணினிக் கடைகளில் திருட்டு மென்பொருள் நிறுவும்போது, சீரியல் எண் கொடுக்கிற குட்டி ஜன்னல் திறந்ததும் ஒரு துள்ளல் இசை கிளம்புமே, அதில் பெரும்பாலானவை ட்ராக்கர் பாட்டுகள்தான். பல சமயம் இசைத்தவருக்குத் தெரியாமலே எடுத்துப் போடப்பட்டவை. ஒரு சுற்று அலையை மட்டும் சாம்பிளாக வைத்துச் சில கிலோபைட்டுக்குள் முடித்துவிடும் கலை அது.

நம் இசையை இந்தக் கட்டங்களுக்குள் கொண்டுவர முடியுமா என்பது என்னை நெடுநாளாகப் பிடித்திருக்கும் கேள்வி. தாளம் எளிது. 64 வரியை 56-ல் முறித்துவிட ஒரு எஃபெக்ட் போதும். எண்ணிக்கைக்கு நான்கு வரி என்று வைத்தால் மிஸ்ர சாபு இரண்டு ஆவர்த்தனம். 48-ல் முறித்து அட்சரத்துக்கு ஆறு வரி கொடுத்தால் ஆதி தாளம் திஸ்ர நடையில் வந்து நிற்கும். கமகம்தான் சோதிக்கிறது. தோடியின் காந்தாரத்துக்கு நடுக்க எஃபெக்டைப் போட்டுப் பார்த்தேன். அது சுரத்தின் இருபுறமும் ஒரே அளவில் ஆடுகிறது, யந்திரம் யந்திரமாகவே இருக்கிறது. ரிஷபத்தையொட்டிக் கிளம்பி, மத்யமத்தைத் தொட்டு, திரும்பி வந்து தங்கும் அசைவுக்கு அது உதவாது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் 3-ஆம் எண் எஃபெக்ட்தான் கதி. வரிக்கு மூன்று டிக் என்று வேகத்தைக் கூட்டிவைத்து, ஒவ்வொரு வரியிலும் எந்தச் சுரத்தை நோக்கி, என்ன வேகத்தில் என்று தனித்தனியே எழுதவேண்டும். ஃபாஸ்ட்ட்ராக்கர் வகையில் ஒரு டிக்குக்கு அரைச்சுரத்தின் 16-ல் ஒரு பங்கு வரை நுணுக்கமாக நகர்த்தலாம். ஒரு காந்தாரத்துக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது. ஆனால் தொண்டையும் விரலும் யோசிக்காமல் செய்கிற அந்த அசைவு எங்கே தயங்குகிறது, எங்கே விரைகிறது என்று எண்ணால் எழுதிப் பார்த்தபின், கச்சேரியில் தோடியை நான் கேட்கும் விதமே வேறாகிவிட்டது.

தொடங்க ஆசைப்படுபவர்களுக்குப் பழைய அமிகா வேண்டியதில்லை. விண்டோஸுக்கு ஓப்பன்எம்பிடி, எல்லா வகைக் கணினிக்கும் மில்க்கிட்ராக்கர், இம்பல்ஸ் ட்ராக்கர் பிடித்தவர்களுக்கு ஸ்கிஸம் ட்ராக்கர், மூன்றும் இலவசம். கைப்பேசியில் செய்ய சன்வாக்ஸ் இருக்கிறது. பாட்டுகளுக்கு மாட் ஆர்கைவ் என்ற களஞ்சியம் 1996 முதல் இயங்குகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அங்கே கிடைக்கும். புதுப்பாட்டு எழுதும் ஆசையை முதல் வாரம் அடக்கிவையுங்கள். ஸ்பேஸ் டெப்ரிஸை இறக்கி, முதல் சேனலை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்துக் கேளுங்கள், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. எதிரொலி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தபிறகு, வீட்டிலிருக்கும் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டிக் கைப்பேசியில் பதிவுசெய்து, அதை ஒன்றாம் எண் சாம்பிளாக ஏற்றுங்கள். பெயரெழுத 22 எழுத்துக்கு இடமிருக்கிறது.