மாமியார் வீட்டு மெத்தையில் தூக்கம் வரவில்லையா?

விருந்துக்குப் போன இடத்தில் குழம்பு காரமாக இருந்தால், "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். காபியில் சர்க்கரை அதிகம் என்றால் பாதி குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிடலாம். ஆனால், மாமியார் வீட்டில் ஆசையாகப் போட்டுக் கொடுத்த படுக்கை நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? சொன்னால் அவர்கள் மனம் நோகும். சொல்லாவிட்டால் நம் முதுகு நோகும்!

கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால், "மாப்பிள்ளை வந்தா ஒரு நைட்டுகூடத் தங்க மாட்டேங்கிறாரே" என்ற வருத்தமும், "உங்க வீட்டுக்குப் போனாலே எனக்கு இடுப்பு போயிடுது" என்ற முணுமுணுப்பும் பல குடும்பங்களில் ஒரு பழைய மெத்தையிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. ஒருமுறை தூக்கம் கெடும். அடுத்தமுறை ஏதாவது சாக்கு கிடைக்கும். அதற்கடுத்து, பேரப்பிள்ளைகளோடு ஓர் இரவு கதை பேசிப் படுக்கும் சந்தோஷம் தாத்தா பாட்டிக்கு இல்லாமலே போய்விடும். எதனால் இப்படி ஆனது என்று இரண்டு வீட்டாருக்குமே தெரிந்திருக்காது.

கட்டிலைக் கொடுத்தவர் எங்கே படுத்தார்?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பெண் எடுத்தவர்களுக்கும், அங்கே வாழ்க்கைப்பட்டவர்களுக்கும் இது நன்றாகவே புரியும். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. ரயில்வே, துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட், அனல்மின் நிலையம் என்று வேலை கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்துக் குடும்பங்கள் வளர்ந்த பகுதி இது. ஒரு ஹால், ஓர் அறை, ஒரு சமையலறை... பல வீடுகளில் அவ்வளவுதான். விருந்தாளிக்கென்று தனி அறைக்கு எங்கே போவது?

அதனால், வீட்டில் இருக்கிற ஒரே கட்டில் உங்களுக்கு வந்துவிடும். மாமனாரும் மாமியாரும் ஹாலில் பாய் விரித்துக்கொள்வார்கள். மச்சான் ஷிப்ட் வேலைக்காரர் என்றால், அந்தக் கட்டிலுக்குப் பகலிலும் ஆள் உண்டு. நைட் ஷிப்ட் முடித்துவிட்டுக் காலையில் வருபவர், நீங்கள் எழுந்திருக்கும் வரை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

கோடை விடுமுறையில் நெருக்கடி இன்னும் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மகள் வருவதும் அதே சமயத்தில்தான். இருக்கிற இடத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே, மெத்தையைப் பற்றிப் புகார் சொல்லும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது அந்த வீட்டிலேயே நல்ல படுக்கை. அதைக் கொடுத்துவிட்டு இன்னொருவர் தரையில் படுத்திருக்கிறார். இது தெரிந்துவிட்டால், கேட்கிற குரலே மாறிவிடும்.

மெத்தையா, புது இடமா?

முதல் நாள் தூக்கம் வராததற்கு மெத்தை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் கெடுவதைத் தூக்க ஆய்வாளர்கள் 'முதல் இரவு விளைவு' என்றே அழைக்கிறார்கள் (நீங்கள் நினைக்கும் அர்த்தத்தில் இல்லை!). அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், புது இடத்தில் முதல் நாள் தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றப் பாதி அளவுக்கு ஆழமாக உறங்குவதில்லை என்று தெரியவந்தது. சின்னச் சத்தத்துக்கும் அந்தப் பாதி காவல்காரன்போல விழித்துக்கொள்கிறது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும் சத்தமும், காசிமேட்டு ஏலத்துக்காக விடியும் முன்பே எழுந்து கிளம்புகிறவர்களின் நடமாட்டமும் அந்த வீட்டுக்காரர்களுக்குத் தாலாட்டுபோலப் பழகிவிட்டன. உங்கள் மூளைக்கு எல்லாமே புதுசு. அதனால் முதல் நாளை வைத்து மெத்தைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். டேபிள் ஃபேன் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றும் வரும், அதன் ஒரே சீரான ஓசையில் வெளிச் சத்தமும் அமுங்கிவிடும். வழக்கமாக வீட்டில் போர்த்திக்கொள்ளும் போர்வையையும் தலையணை உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். பழகிய துணியின் வாசனையே பாதித் தூக்கம்.

இரண்டாவது நாளும் எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால், அப்போது படுக்கையைக் கவனிக்கலாம்.

எந்தப் படுக்கைக்கு என்ன வழி?

*நடுவில் பள்ளம் விழுந்த மெத்தை:* தேங்காய் நார் மெத்தையோ இலவம் பஞ்சு மெத்தையோ, பல வருடம் ஒரே இடத்தில் படுத்தால் பள்ளம் விழும். தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் போடுங்கள். பள்ளத்துக்குக் காரணம் மெத்தையா, தளர்ந்த கட்டில் பலகையா என்பது அப்போது தெரிந்துவிடும். பலகைதான் என்றால், மெத்தைக்கு அடியில் ஒரு பிளைவுட் போட்டால் சரியாகிவிடும்.

*கல்போல இருக்கும் மெத்தை அல்லது வெறும் பாய்:* ஜமக்காளத்தையோ கனமான போர்வையையோ இரண்டாக மடித்து அடியில் விரியுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இடுப்பும் தோளும் அழுந்தும் இடத்தில் மெத்தென்று இருந்தாலே போதும். 'கட்டாந்தரைதான் முதுகுக்கு நல்லது' என்று நம்மில் பலர் நம்புகிறோம். நாள்பட்ட முதுகு வலி உள்ள 313 பேரிடம் ஸ்பெயினில் நடத்தி, 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொன்னது. மிகவும் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தரமான கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே மூன்று மாதத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது.

*உடம்பைச் சுடும் ஃபோம் மெத்தை:* கடலோரப் புழுக்கத்தில் ஃபோம் மெத்தை உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் ஒரு கோரைப் பாயை விரித்து, மேலே பருத்தித் துணி போட்டுப் படுத்துப் பாருங்கள். பாட்டி காலத்து வைத்தியம், இன்றைக்கும் பலிக்கிறது.

*கிறீச்சிடும் இரும்புக் கட்டில்:* உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். புரண்டு படுத்தால் வீட்டுக்கே கேட்கும். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு இதைவிடச் சங்கடம் வேறில்லை. பகலில் யதார்த்தமாக நட்டு போல்ட்டை முறுக்கிவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சட்டமும் காலும் சேரும் இடத்தில் பழைய துணியைச் செருகினாலும், காலுக்கு அடியில் அட்டை வைத்தாலும் சத்தம் அடங்கும். மச்சானைத் துணைக்குக் கூப்பிட்டுச் செய்தால், வீட்டுக்கு உதவி செய்த நல்ல பெயரும் கிடைக்கும்.

*மலைபோல உயர்ந்த தலையணை:* பஞ்சுத் தலையணை சில வீடுகளில் கழுத்தையே ஒடித்துவிடும். அதற்குப் பதில் குளியல் டவலைத் தேவையான உயரத்துக்கு மடித்து, உங்கள் உறைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மல்லாந்து படுப்பவர்கள் அந்தப் பெரிய தலையணையை முழங்காலுக்கு அடியிலும், ஒருக்களித்துப் படுப்பவர்கள் இரண்டு முழங்காலுக்கு நடுவிலும் வைத்துக்கொண்டால் இடுப்புக்கு இதமாக இருக்கும்.

கர்ப்பிணிகளும் மூட்டு வலி உள்ள பெரியவர்களும் 'பரவாயில்லை' என்று தரையில் படுக்க வேண்டாம். இரவில் எழுந்து போவதே அவர்களுக்குப் பெரிய பாடு. வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, அது மெத்தை விஷயமாக மட்டும் இருக்காது. டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

உடம்புக்கு வழி இருக்கிறது. வாய் திறப்பதுதான் கஷ்டம்.

முதல் விதி, அவரவர் வீட்டில் அவரவர் பேச வேண்டும். பெண்ணின் வீடு என்றால் பெண் தன் அம்மாவிடம் சொல்லட்டும். பையனின் வீடு என்றால் பையன் சொல்லட்டும். பெற்ற பிள்ளை சொன்னால் அது வீட்டுப் பேச்சு. மற்றவர் சொன்னால் அது குறை.

இதில் மருமகளின் நிலைமைதான் சிக்கல். மாப்பிள்ளை ஒரு தலையணை கேட்டால் நான்கு வரும். அதையே மருமகள் கேட்டால், "எங்க வீட்டுத் தலையணை பிடிக்கலையாமே" என்று சித்தி வரைக்கும் போகும். கடைசியாகப் படுத்து முதலில் எழுந்திருக்கிற அவளுக்குத்தான் நல்ல படுக்கை அதிகம் தேவை. கணவர்களே, அவள் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், "அம்மா, அவளுக்கு உயரத் தலையணை ஆகாது. மெல்லிசா ஒண்ணு எடுத்துக் கொடு" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, படுக்கை விரிப்பதற்கு முன் சாயங்காலமே சொல்லுங்கள். காலை டிபனின்போது சொன்னால் யாரும் எதுவும் செய்ய முடியாது. "அடடா, ராத்திரியே சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை" என்று அவர்கள் நாள் முழுக்க வருந்துவதுதான் மிச்சம்.

மூன்றாவது, மெத்தையைப் பற்றிப் பேசாமல் உங்கள் உடம்பைப் பற்றிப் பேசுங்கள். "இந்த மெத்தை சரியில்லை" என்பதற்குப் பதில், "அத்தை, எனக்கு மெத்தைன்னாலே இடுப்பு பிடிச்சுக்கும். பாய்ல படுத்தா நல்லா தூக்கம் வரும்" என்று சொல்லிப் பாருங்கள். 'மாப்பிள்ளையைத் தரையில் படுக்க வைத்தார்கள்' என்று நாலு பேர் பேசிவிடுவார்களோ என்ற பயம் மாமியாருக்கு இருக்கும். நீங்களே விரும்பிக் கேட்டதாக இருந்தால் அவருக்கு நிம்மதி. கூடவே மாமனாருக்கு அவருடைய கட்டிலும் திரும்பக் கிடைக்கும்!

ஒரு எச்சரிக்கை. "டாக்டர் தரையில படுக்கச் சொல்லியிருக்காரு" என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். பத்தாவது நிமிடம் தைலம் வரும். மறுநாள் உங்கள் அம்மாவுக்கே போன் போகும்: "சம்பந்தி, மாப்பிள்ளைக்கு முதுகுல என்னமோன்னு சொல்றாரே, எங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையே?"

மெட்ரோ இருக்கிறது, ஆனாலும்...

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. அதன்பிறகு, தென்சென்னையில் குடியிருக்கும் மகளும் மருமகனும் திருவொற்றியூரில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு அன்றே வீடு திரும்ப முடிகிறது. வசதிதான். ஆனால், "ரயில் இருக்கு, கிளம்புறோம்" என்பது வழக்கமாகிவிட்டால், வாசல் வரை வந்து வழியனுப்புகிறவர்கள் அதற்கு வேறு காரணம் தேடிக்கொள்வார்கள்: 'நம்ம வீடு அவங்களுக்குச் சின்னதாப் போச்சு.' நிஜக் காரணம் ஒரு பள்ளம் விழுந்த மெத்தை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த தீபாவளிக்கோ பொங்கலுக்கோ புடவை, வேட்டியோடு ஒரு நல்ல மெத்தையும் வாங்கிக் கொடுக்கலாமே. "நீங்க ரெண்டு பேரும் நல்லா தூங்கணும்" என்று மாமனார் மாமியாரின் பெயரைச் சொல்லியே கொடுங்கள். நீங்கள் தங்காத மற்ற நாட்களிலெல்லாம் அதில் படுக்கப்போகிறவர்கள் அவர்கள்தானே! புதுசு வாங்க வசதி இல்லையென்றால், பழைய பஞ்சு மெத்தையைப் பிரித்துப் பஞ்சு அடித்துத் தைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால், மொட்டை மாடியில் நல்ல வெயிலில் அரை நாள் போட்டுத் தட்டினாலே பஞ்சு மெத்தை கொஞ்சம் உப்பிக்கொள்ளும்.

இன்னொன்று, உங்கள் வீட்டுக்கும் விருந்தாளிகள் வருகிறார்கள். மாமனார் மாமியார் வந்தால் எங்கே படுக்கிறார்கள்? ஹாலில் கிடக்கும் சோபா கம் பெட்டிலா, பிள்ளைகள் குதித்துக் குதித்துத் தளர்ந்துபோன மெத்தையிலா? அவர்களும் காலையில், "நல்லா தூங்கினோம்மா" என்றுதான் சொல்வார்கள். இந்த வாரம் ஒருநாள் நீங்கள் அதில் படுத்துப் பாருங்கள். காலையில் உங்கள் இடுப்பு உண்மையைச் சொல்லிவிடும்.