தனியாவர்த்தனமும் அவையொழுக்கமும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்போரின் அமைதிகளையும் அரங்கின் அளவுகளையும் விரிவாக வகுத்துரைக்கின்றது. கேட்போர் எவ்வாறு ஒழுகல் வேண்டும் என்பதற்கு அங்கே தனியிலக்கணம் இல்லை. திருக்குறளின் அவையறிதலும் அவையஞ்சாமையுங்கூடச் சொல்வோனுக்கு உரியனவே. அவையிலிருப்போர் தங்கடனைத் தாமே அறிவர் என்று முன்னோர் கொண்டனர் போலும். இன்றைய கருநாடக இசையரங்குகளை நோக்குவார்க்கு அந்நம்பிக்கை சற்று மிகையாகவே தோன்றும்.

அவையொழுக்கம் என்றதும் பேரமைதியே பலர் நினைவிற்கு வருகின்றது. இக்கருத்து மேனாட்டு இசைமண்டபங்களைச் சார்ந்தது. அங்கும் அது 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. 1778இல் பாரிசிலே தமது சிம்பனி இசைக்கப்படுகையில் அவையோர் இடையிற் கைதட்டியதை மோட்சார்ட் மகிழ்ச்சியோடு தந்தையாருக்கு எழுதினார். நமது இசையிலோ ‘ஆகா’ என்பதும், ‘சபாஷ்’ என்பதும், மடியிலே தாளமிடுவதும் கலைஞனுக்கு ஊக்கந் தருவன. (அயலிருப்பவரின் கதிரை அதிரத் தாளமிடுவது வேறு விடயம்.) எனவே, ஓர் இசையின் அமைப்பு எதனாற் குலைகின்றதோ அதனையே அவ்விசைக்குரிய அவைக்குற்றம் எனக் கொள்ளல் தகும். கைத்தொலைபேசி மணி அத்தகையது என்பதை யாவரும் ஒப்புவர். தனியாவர்த்தனத்தின்போது எழுந்து செல்வதைக் குற்றமெனக் கருதுவோரோ மிகச் சிலர்.

தனியாவர்த்தனம் பாட்டு முடிந்தபின் வரும் இடைவேளையன்று. பிரதான உருப்படியிலே நிரவலும் கற்பனைச் சுரமும் நிறைவுற்றபின், பாடகர் அவ்வுருப்படி முடியுமுன்னரே மிருதங்கக் கலைஞருக்கு வழிவிடுகின்றார். ஆயின் தாளத்தைக் கைவிடுவதில்லை. கடமோ கஞ்சிராவோ உடனிருப்பின் இருவரும் மாறிமாறி வாசித்து, ஓராவர்த்தனம், அரையாவர்த்தனம், காலாவர்த்தனம் எனக் குறைப்புச் செய்து, பின் ஒருங்கிணைந்து மோராவும் கோர்வையும் வாசிப்பர். மும்முறை வரும் கோர்வையின் முடிவு, பாடகர் விட்ட அடியின் எடுப்பிலே சரியாகச் சென்று பொருந்தும். அவ்வடியை அவர் மீண்டும் பாடும்போதே உருப்படி நிறைவுறும். ஆகவே இடையில் எழுந்து செல்பவர் பாட்டின் நடுவிலேயே செல்கின்றார்.

கேட்போனுக்கும் இதனால் இழப்புண்டு. ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் உள்ளத்தே இறுத்தி, திஸ்ரத்திலோ கண்டத்திலோ நடை மாறும்போதும் அதனை நழுவவிடாது இருப்பவனுக்கே கோர்வை வந்து பொருந்தும் இன்பம் கிட்டும். அந்நேரத்தில் முன்னால் நால்வர் நிரையாகக் கடந்து சென்றால் எண்ணிக்கை தவறும். தவறியபின் எஞ்சுவது வெறும் முழக்கமே. முகங்களை நோக்கி வாசிக்கவேண்டிய கலைஞரோ முதுகுகளை நோக்கி வாசிக்கின்றார்.

இவ்வழக்கம் தோன்றியமைக்குக் கச்சேரியின் அமைப்பும் ஒரு காரணம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890-1967) செம்மைப்படுத்திய முறையிலே தனியாவர்த்தனம் கச்சேரியின் பிற்பகுதியில் அமைகின்றது. அதன்பின் வருவன சிறிய உருப்படிகளே. கனமான பகுதி கழிந்தது என்று கேட்போர் எண்ணவும், கடைசி பஸ்ஸை நினைக்கவும் அது வசதியான இடமாயிற்று. சென்னையின் மார்கழிக் கச்சேரிகளிலே சிற்றுண்டிச்சாலையும் சேர்ந்து அழைக்கின்றது.

தமிழருக்குத் தாளவாத்தியத்திற் சுவையில்லை என்று இதனை விளக்குவார் கூற்று ஏற்புடையதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலே இரவு நெடுநேரம் நின்று தவிற் சமா கேட்டவர்கள் நம்மவரே. தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933-1975) வாசிக்கையில், தாளத்தை விரலில் எண்ணியபடி கூட்டம் சூழ்ந்து நிற்கும். அங்கே சலிப்புற்றவன் கச்சான் வாங்கச் சென்றாலும் எவருக்கும் இடையூறில்லை. அவன் நின்ற இடத்தை இன்னொருவன் நிரப்புவான். மண்டபமோ நிரைநிரையாகக் கதிரைகளும் ஒடுங்கிய வழியும் உடையது. வீதியின் பழக்கத்தை அங்கே கொண்டு சென்றோம். வீதியிலிருந்த கவனத்தைக் கொண்டு செல்லவில்லை.

நேரத்தோடு செல்லவேண்டியவர்க்கு வழியில்லாமலில்லை. பிரதான உருப்படிக்கு முன்னர், ஒரு கீர்த்தனை முடிந்து அடுத்த இராக ஆலாபனை தொடங்குமுன், எவரும் எழலாம். கடைக்கோடிக் கதிரையிலே முன்கூட்டியே அமர்ந்திருப்பின் அதுவும் வெளித்தெரியாது நிகழும்.