நீருக்குத் திரும்பிய தவளைகள்

தவளை என்றதும் குளமும் குட்டையும் நினைவுக்கு வருவது இயல்பே என்றாலும், பெரும்பாலான தவளைகளுக்கு நீரோடு நெருங்கிய உறவு தலைப்பிரட்டைப் பருவம் முடியும் வரைதான். கால்கள் முளைத்து வால் மறைந்த பின் அவை புதரிலும் மரத்திலும் மண்வளையிலும் வாழ்ந்து, முட்டையிடும் காலத்தில் மட்டுமே நீரைத் தேடி வருகின்றன. தேரைகளையும் சேர்த்து இன்று அறியப்பட்டுள்ள 7,000-க்கும் மேற்பட்ட தவளை இனங்களில், முதிர்ந்த பின்னும் நீரிலேயே இரைதேடி, இணைசேர்ந்து வாழ்நாளைக் கழிப்பவை சிறுபான்மையே. இவற்றை நீரைவிட்டு வெளியேறத் தெரியாமல் தங்கிவிட்ட பழைய உயிர்கள் என்று கருதுவது தவறு. நிலத்தில் தாவுவதற்கான காலும், காற்றில் ஒலியெழுப்புவதற்கான குரல்வளையும், நாவை வீசி இரைபிடிப்பதற்கான வாயும் கொண்ட ஓர் உடலோடு நீருக்குத் திரும்பியவை இவை. அந்த உடலில் எதைக் கைவிட்டன, எதை மாற்றிக்கொண்டன, அதற்கு ஈடாக நிலத்தில் எதை இழந்தன என்பதில்தான் இவற்றின் கதை அடங்கியிருக்கிறது.

வெப்பமண்டலச் சதுப்பு நீர் வாழ்வதற்கு எளிதான இடமன்று. உறைநிலையில் உள்ள ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைந்த அளவையும் அடியில் மட்கும் இலைதழைகளைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் பெருமளவில் தீர்த்துவிட, மேற்பரப்பை மூடிக்கிடக்கும் மிதவைத் தாவரங்கள் ஒளியைத் தடுப்பதால் உள்ளே ஒளிச்சேர்க்கை நடந்து ஆக்சிஜன் ஊறவும் வழியில்லாமல் போகிறது. பெரு, பொலிவியா எல்லையில் 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிகாக்கா ஏரியின் பெருந்தவளை, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தன் தோலின் வழியாகவே மூச்சுத்தேவையைப் பெரிதும் நிறைவேற்றிக்கொள்ள முடிவதற்கு, அங்குள்ள நீர் குளிர்ந்தது என்பதும் ஒரு காரணம். தாழ்நிலத்து வெதுவெதுப்பான குட்டையில் அந்த வழி செல்லாது. எனவே இங்குள்ள நீர்த்தவளைகள் நுரையீரலைக் கைவிடாமல், இடையிடையே மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்கின்றன.

நீருக்கு மிக ஆழமாகத் தன்னை ஒப்புக்கொடுத்த தவளைக்கு எடுத்துக்காட்டாகத் தென் அமெரிக்காவின் சூரிநாம் தேரையைச் சொல்லலாம். பிபா பிபா என்ற அறிவியல் பெயரும் தேரை என்ற வழக்குப் பெயரும் இருந்தாலும், இது நிலத்துத் தேரைகளுக்கு நெருங்கிய உறவன்று. நாவில்லாத் தவளைகளின் தனிக் குடும்பமான பிபிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அமேசான் படுகையிலும் கயானா நிலப்பகுதிகளிலும், மெதுவாக ஓடும் ஓடைகளிலும் வெள்ளம் தேங்கிய காட்டுக் குட்டைகளிலும் வாழ்கிறது. தட்டையான உடல், முக்கோணத் தலை, இமையில்லாத மிகச் சிறிய கண்கள், பழுப்பு நிறத் தோல் ஆகியவற்றோடு அடிச்சேற்றில் அசையாமல் கிடக்கும்போது, அழுகிய இலைகளுக்கு இடையில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பெண் 17 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். ஆண் அதைவிடச் சிறியது.

கலங்கிய இருட்டு நீரில் கண்ணால் பெரிய பயன் இல்லை என்பதால் உணர்வின் பொறுப்பை வேறு உறுப்புகள் ஏற்றுக்கொண்டுள்ளன. முன்கால் விரல் ஒவ்வொன்றின் நுனியும் நான்கு சிறு கிளைகளாகப் பிரிந்து விண்மீன் வடிவில் முடிகிறது. இவை தொடுஉணர்வு மிக்கவை. தேரை தன் முன்கால்களை முன்னே நீட்டி வைத்தபடி காத்திருக்கும். இவற்றோடு, உடலின் பக்கங்களில் வரிசையாக அமைந்த உணர்வு முகடுகள் நீரின் சிறு அசைவையும் அறிவிக்கின்றன. பக்கக்கோட்டு உறுப்பு எனப்படும் இவ்வமைப்பு மீன்களுக்கு உரியது; பொதுவாகத் தலைப்பிரட்டைகளிடமும் உண்டு. ஆனால் மற்றத் தவளைகளில் பெரும்பாலானவை உருமாறும்போது இதை இழந்துவிட, பிபிடே குடும்பத்துத் தவளைகள் முதிர்ந்த பின்னும் வைத்துக்கொள்கின்றன. குழந்தைப் பருவத்து உறுப்பை விடாமல் வைத்துக்கொள்வதும் ஒரு வகைத் தகவமைப்பே.

நாவின் நிலை இதற்கு நேர்மாறானது. காற்றில் ஒட்டும் நாவை வீசிப் பூச்சியைப் பிடிக்கலாம். நீரிலோ வீசும் நாவே நீரை முன்தள்ளி இரையை விலக்கிவிடும், ஒட்டும் பசையும் பிடிப்பை இழக்கும். எனவே இக்குடும்பத்தில் நாவு அறவே இல்லை. மாறாக, சிறு மீனோ புழுவோ வாயருகே வரும்போது சூரிநாம் தேரை வாயைத் திறந்து தொண்டைத் தளத்தைச் சட்டெனக் கீழிறக்கி, உடலின் முன்பகுதியையும் விரிக்கிறது. உள்ளே திடீரென உருவாகும் வெற்றிடத்தை நிரப்பப் பாயும் நீரோடு இரையும் உள்ளே இழுபட்டுவிடுகிறது. மீன்கள் பல கோடி ஆண்டுகளாகக் கையாளும் உறிஞ்சும் உத்தி இது. மீனுக்கு நீரை வெளியேற்றச் செவுள் திறப்பு உண்டு. தவளைக்கு அது இல்லாததால் உள்ளே வந்த நீர் வாய்வழியாகவே திரும்ப வேண்டியிருக்கிறது. ஆகவே, இரையைத் தப்பவிடாமல் நீரை மட்டும் மெல்ல வெளியே விடுகிறது.

குரலின் கதை இன்னும் விந்தையானது. நிலத்துத் தவளை நுரையீரல் காற்றைக் குரல்நாண்களின் ஊடே செலுத்தி, தொண்டைக்குக் கீழுள்ள குரற்பையை உப்பவைத்து ஒலியைப் பரப்புகிறது. காற்றில் எழும் அந்த ஒலி நீர்ப்பரப்பில் பட்டுப் பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதால், நீருக்கடியில் இருக்கும் துணைக்கு அது எட்டாது. பிபிடே குடும்பத்தில் குரல்நாணும் குரற்பையும் மறைந்து, குரல்வளையில் ஒட்டியிருக்கும் இரு குருத்தெலும்புத் துண்டுகளைத் தசைகள் வெடுக்கென விலக்குவதால் எழும் 'டிக்' என்ற ஓசையே அழைப்பாகிவிட்டது. இதற்கு மூச்சுக்காற்று வெளியேறத் தேவையில்லை. விலகும் துண்டுகளுக்கிடையே உருவாகும் குமிழி உடைவதால் ஒலி பிறக்கிறது என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. இக்குடும்பத்தின் ஆப்பிரிக்கக் கிளையான நகத்தவளைகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு அதை மறுத்து, குரல்வளையின் அதிர்வே ஒலிக்குக் காரணம் எனக் காட்டியது. கேட்கும் உறுப்பும் அதற்கேற்ப மாறியுள்ளது; வெளியே தெரியும் செவிப்பறைக்குப் பதிலாகத் தோலுக்கு அடியில் ஒரு குருத்தெலும்புத் தகடு இருந்து, நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் வரும் ஒலியலைகளை உட்செவிக்குக் கடத்துகிறது.

இந்தத் தேரையை ஐரோப்பாவுக்கு அறியச் செய்ததில் பெரும்பங்கு ஓர் ஓவியருடையது. 1699-இல் தம் மகளோடு டச்சுக் குடியேற்றமாக இருந்த சூரிநாமுக்குச் சென்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் மரியா சிபில்லா மெரியன், 1705-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட தம் நூலில், முதுகிலிருந்து குஞ்சுகள் வெளிவரும் தாய்த்தேரையை வரைந்திருந்தார். முட்டைகள் முதுகுக்கு எப்படிச் சென்றன என்பது மட்டும் நீண்ட காலம் தெளிவில்லாமலேயே இருந்தது. ஜார்ஜ் ராப், மேரி ராப் இணையர் 1960-இல் வெளியிட்ட விவரணையே அதை விளக்கியது. ஆண் பெண்ணின் இடுப்பைப் பின்னிருந்து தழுவிக்கொள்ள, இரண்டும் சேர்ந்து அடியிலிருந்து மேலெழுந்து, வளைவின் உச்சியில் மல்லாந்து குட்டிக்கரணம் அடிக்கின்றன. அந்த மல்லாந்த நொடியில் பெண் சில முட்டைகளை வெளியிட, அவை ஆணின் வயிற்றின் மேல் விழுகின்றன; மீண்டும் கவிழும்போது அவை கருவுற்றுப் பெண்ணின் முதுகில் சேர்ந்து, ஆணின் அழுத்தத்தால் அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. ஆணின் வயிற்றில் ஒட்டாத முட்டை, பருத்து மென்மையாகியிருக்கும் பெண்ணின் முதுகுத் தோலில் மட்டும் ஒட்டுகிறது. ஒரு கரணத்துக்குச் சில முட்டைகளே என்பதால், நூறு வரையிலான முட்டைகளையும் ஏற்றி முடிக்க இந்தச் சுழற்சி பலமுறை நிகழ வேண்டும்.

அடுத்த சில நாட்களில் தோல் முட்டைகளைச் சுற்றி வீங்கி வளர்ந்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழிக்குள் அமிழ்த்தி மேலே மெல்லிய மூடியிட்டுவிட, தாயின் முதுகு மாவு ஊற்றிய பணியாரச் சட்டியைப் போலக் காட்சி தருகிறது. குழிக்குள் வால் முளைத்து மறையும் தலைப்பிரட்டைப் பருவம் முழுவதையும் முட்டைக்கருவைக் கொண்டே கழித்து, மூன்று நான்கு மாதங்களுக்குப் பின், ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள முழுத் தவளைக்குஞ்சுகள் மூடியைத் தள்ளி வெளியேறுகின்றன. பின்னர் தாய் அந்தத் தோலை உரித்துவிடுகிறது. காண்போர் சிலருக்கு அருவருப்பூட்டும் இக்காட்சியில் ஒரு கணக்கு இருக்கிறது: மீனும் பூச்சிப்புழுவும் தலைப்பிரட்டைகளைத் தின்றுதீர்க்கும் நீரில், மிகவும் ஆபத்தான பருவத்தையே நீரிலிருந்து நீக்கிவிடுவது. இதே பேரினத்தைச் சேர்ந்த பிபா கார்வால்ஹோய், பிபா பார்வா ஆகிய சிறு இனங்கள் முட்டைகளை முதுகில் சுமந்தாலும், குஞ்சுகளைத் தலைப்பிரட்டைகளாகவே வெளியே விட்டுவிடுகின்றன.

அதே தென் அமெரிக்கச் சதுப்பில் இதற்கு முற்றிலும் மாறான வழியைக் கைக்கொண்ட தவளையும் உண்டு. சூடிஸ் பாரடாக்சா எனப்படும் இந்தத் தவளையின் தலைப்பிரட்டை 20 சென்டிமீட்டருக்கும் அதிகமாக வளர, அதிலிருந்து உருவாகும் தவளையோ ஏழு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. பெரிய பிரட்டையையும் சிறிய தவளையையும் பார்த்த 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் சிலர், வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, தவளை வளர்ந்து மீனாகிறது என்று நம்பினர். 1758-இல் லின்னேயஸ் இட்ட பெயரிலும் அந்த முரண்பாடு பதிவாகியிருக்கிறது. உண்மையில் தவளையின் வளர்ச்சியில் பெரும்பகுதி பிரட்டைப் பருவத்திலேயே முடிந்துவிடுகிறது. வற்றாத, பாசி மிகுந்த நீர்நிலையில் உண்டு பெருக முடியும்போது அவசரமாகக் கரையேறத் தேவையில்லை. வால் கரைந்தபின் மிஞ்சும் தவளை ஏறக்குறைய முதிர்ந்த அளவிலேயே இருக்கும். சூரிநாம் தேரை அடித்தளத்துக்கு உரியது என்றால் இது மேற்பரப்புக்கு உரியது. தலைக்கு மேலே புடைத்த கண்கள், முழுமையாகச் சவ்வு படர்ந்த பின்கால்கள், நீர்த்தாவரத் தண்டுகளைப் பற்றிக்கொள்ள உதவும் நீண்ட விரல்கள் ஆகியவை அதற்குச் சான்று. வழவழப்பான இதன் தோலில் கண்டறியப்பட்ட சூடின்-2 என்ற சிறுபுரதம் இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதாக 2008-இல் ஆய்வாளர்கள் அறிவித்த பின், நீரிழிவு ஆய்வாளர்களின் கவனமும் இதன்மேல் விழுந்தது.

தமிழ்நாட்டு, இலங்கை வாசகர்கள் இத்தகைய மேற்பரப்பு வாழ்வைப் பார்க்கத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. குளக்கரையில் காலடி ஓசை கேட்டதும் நீரின்மேல் தத்தித் தத்திப் பாய்ந்து ஓடும் சிறு தவளை, யூப்ளிக்டிஸ் சயனோப்ளிக்டிஸ் என 1799-இல் ஷ்னைடர் விவரித்த இனக்குழுவைச் சேர்ந்தது. இந்துஸ்தானத்துத் தவளைகள் நீரின்மேல் சில கஜ தூரம் ஓடுவதைப் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் வியப்போடு பதிவு செய்திருக்கிறார். கரையில் காலூன்றித் தாவுவதற்கும் மிதந்துகொண்டிருக்கும் நிலையிலிருந்தே எழும்பித் தாவுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவதற்கு, பின்கால் சவ்வுகள் நீரை உதைத்துத் தள்ளும் விசையைத் தவிர வேறு பிடிமானமே கிடையாது.

நீரில் ஈட்டியதற்கான விலை, குளம் வற்றும்போது தெரியவரும். சூரிநாம் தேரையைத் தரையில் விட்டால் அதனால் ஒழுங்காக நகரவே இயலாது. கழிவு நீக்கமும் இதில் அடங்கும்: நிலத்துத் தவளைகள் உடலின் நைட்ரஜன் கழிவை ஆற்றல் செலவழித்து யூரியாவாக மாற்ற, நகத்தவளைகள் நச்சுத்தன்மை மிக்க அம்மோனியாவாகவே பெரும்பகுதியை வெளியேற்றிவிடுகின்றன, சுற்றிலும் நீர் இருக்கும்வரை அது கரைந்து விலகிவிடும் என்பதால் இது சிக்கனமான வழி. ஆப்பிரிக்கக் குட்டைகள் வறண்டதும் சேற்றுக்குள் புதையும் இத்தவளைகள், அந்நிலையில் யூரியா ஆக்கத்துக்கு மாறி அதை உடலுக்குள்ளேயே தேக்கிவைக்கின்றன. யூரியா தேங்கிய உடலிலிருந்து நீர் எளிதில் வெளியேறுவதில்லை. பழைய நிலத்து உடலியலை முற்றாக மறக்காமல் வைத்திருந்ததே இங்கு கைகொடுக்கிறது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பெரிய பச்சைக் குளத்தவளை வேறொரு வகையில் நீரோடு கட்டுண்டிருக்கிறது. இளம்பருவத்தில் பூச்சிகளைத் தின்னும் இத்தவளை, வளர்ந்தபின் நீர்த்தாவரங்களையே பெருமளவில் உண்பது வயிற்றுப் பொருள்களை ஆராய்ந்தபோது தெரியவந்தது. தவளைகளில் இது மிக அரிது. வெளிநாட்டு உணவுச் சந்தைக்காகக் கால்களுக்குப் பிடிக்கப்பட்ட இதுவும் இந்தியப் பெருந்தவளையும் 1985-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட, 1987-இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. பிடிப்பது குறைந்தாலும், ஏரியைத் தூர்வாரும்போது வேலம்பாசியும் அல்லியும் குப்பையென ஒரே நாளில் அகற்றப்படும் இடங்களில் இத்தவளை மறைவிடத்தோடு உணவையும் சேர்த்தே இழக்கிறது. நீரைத் தேக்கும் திட்டங்கள் கொள்ளளவைக் கணக்கிடும் அளவுக்கு நீர்க்கொடிகளைக் கணக்கில் எடுப்பதில்லை.