கடைசியாகத் தெரிந்த எழுத்து எது?

லினக்ஸ் நிறுவி முடிந்ததும் திரையில் ஒரு வரி வருகிறது: பென் டிரைவை எடுத்துவிட்டு என்டரைத் தட்டுங்கள். தட்டியாயிற்று. கணினி அணைந்து மறுபடி உயிர்பெறுகிறது. தயாரிப்பாளரின் சின்னம் வந்து மறைகிறது. பிறகு கறுப்புத் திரை. இடது மேல் மூலையில் 'கிரப்' என்று நான்கு ஆங்கில எழுத்துகள், பக்கத்தில் கண்சிமிட்டும் ஒரு சிறு கோடு. ஐந்து நிமிடம் காத்திருந்தாலும் அதேதான். எந்த விசையை அழுத்தினாலும் அசைவில்லை.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் செய்வது, மறுபடி முதலிலிருந்து நிறுவுவது. அரைமணி நேரம் கரைந்தபின் அதே நான்கு எழுத்துகள் வந்து நிற்கும். கோப்புகள் எல்லாம் வட்டில் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. பழுது அவற்றை எடுத்துக்கொடுக்கும் 'கிரப்' என்ற பூட் லோடரில். கணினி எதுவரை வந்து எங்கே நின்றது என்பதை அந்த நான்கு எழுத்துகளே சொல்லிவிடுகின்றன. அதைப் படிக்கத் தெரிந்தால் அரைமணி வேலை ஐந்து நிமிடத்தில் முடியும்.

மின்சாரம் கிடைத்த கணத்தில் கணினிக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. பழைய முறைக் கணினிகளில், தாய்ப்பலகைச் சில்லில் பதிந்திருக்கும் பயாஸ் நிரல் வட்டின் முதல் செக்டாரை, அதாவது 512 பைட்டை, அப்படியே அள்ளி நினைவகத்தில் வைத்து ஓடவிடும். 1981-இல் ஐபிஎம் பிசி தொடங்கிவைத்த வழக்கம் அது. அந்த 512-இல் 64 பைட், வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்குப் போய்விடும். 2 பைட், இது துவக்கச் செக்டார்தான் என்ற அடையாளத்துக்கு. மிச்சம் 446. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும். 446 பைட்டில் 150 குறிகள்கூட அடங்காது. இந்தப் பத்தியையே அதில் எழுதி முடிக்க முடியாது. ஒரு முழு இயங்குதளத்தை எழுப்பும் வேலை அத்தனை சிறிய இடத்தில் தொடங்குகிறது.

ஆகவே வேலை கைமாறிக் கைமாறித்தான் நடக்கும். கிரப் 2-இல் முதல் செக்டாரில் இருக்கும் குட்டி நிரல், தன் பெயரைத் திரையில் அச்சிட்டுவிட்டு, அடுத்த துண்டான 'கோர் இமேஜ்' இருக்கும் இடத்துக்குப் போகும். அந்தத் துண்டு வழக்கமாக முதல் செக்டாருக்கும் முதல் பிரிவுக்கும் இடையே இருக்கும் காலி இடத்தில் ஒளிந்திருக்கும். முன்பெல்லாம் முதல் பிரிவு 63-ஆம் செக்டாரில் தொடங்கும். நடுவே கிடைத்தது 62 செக்டார், 31,744 பைட். இப்போது பிரிவுகள் ஒரு மெகாபைட் தள்ளித் தொடங்குவதால் நெருக்கடி குறைந்திருக்கிறது. கோர் இமேஜ் வந்து சேர்ந்த பிறகுதான் கணினிக்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும்.

பெயர் மட்டும் தெரிந்து உறைந்துவிட்டால், முதல் கைமாற்றமே நடக்கவில்லை என்று பொருள். நிறுவி நிரல் வேறொரு வட்டில் எழுதியிருக்கலாம். பயாஸ் வட்டுகளை எண்ணும் வரிசை மாறியிருக்கலாம். இடையிலிருந்த காலி இடத்தில் வேறு மென்பொருள் எதையாவது எழுதியிருக்கலாம். வட்டைப் படிக்கவே முடியாவிட்டால் கிரப் தன் பெயரோடு 'ரீட் எரர்' என்றோ 'ஹார்ட் டிஸ்க் எரர்' என்றோ சேர்த்துச் சொல்லும். அதற்குமேல் விளக்க 446 பைட்டில் இடமில்லை. சொல்லி முடித்ததும் திரும்பிப்போக இயங்குதளமும் இல்லை. அதனால் அந்த நிரலின் கடைசிக் கட்டளை, 'இதே கட்டளைக்குத் திரும்பு' என்பது. இப்படிப் பிழை சொல்லிவிட்டு உறைந்து நிற்பதாக நமக்குத் தெரியும் நேரமெல்லாம் கணினி அந்த ஒரே கட்டளையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது.

இந்த நெருக்கடியை மிக அழகாகக் கையாண்டது லைலோ. 1990-களில் லினக்ஸ் கணினிகள் பலவற்றை எழுப்பிய பூட் லோடர் அது; எழுதியவர் வெர்னர் அல்மெஸ்பெர்கர். லைலோவின் பெயரில் எல், ஐ, எல், ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகள். ஒவ்வொரு படி தாண்டியதும் ஒரு எழுத்தை மட்டும் அச்சிடும். முதல் 'எல்' மட்டும் தெரிந்தால் முதல் கட்டம் ஓடுகிறது, ஆனால் இரண்டாம் கட்டத்தை எடுக்க முடியவில்லை. பக்கத்தில் ஈரிலக்கப் பிழை எண்ணும் வரும். 'எல்ஐ' என்றால் இரண்டாம் கட்டம் வந்துவிட்டது, ஓட மறுக்கிறது. 'எல்ஐஎல்' என்றால் ஓடுகிறது, ஆனால் லினக்ஸின் மையமான கர்னல் வட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்ற வரைபடக் கோப்பைப் படிக்க முடியவில்லை. நான்கும் வந்துவிட்டால் எல்லாம் சரி. தன் பெயரையே நோய்க்குறிப்பாக மாற்றிக்கொண்ட மென்பொருள் வேறெதுவும் சட்டென நினைவுக்கு வரவில்லை. 2015 இறுதியில் அதன் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டது.

லைலோவுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. அதற்குக் கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியாது. செக்டார் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு நேரே அங்கே போகும். கர்னலைப் புதுப்பித்துவிட்டு லைலோவை மறுபடி ஓட்ட மறந்தால், அடுத்த முறை கணினி எழாது. 1995-இல் குனு ஹர்ட் என்ற இயங்குதளத்தை எழுப்ப முயன்றுகொண்டிருந்த எரிக் போலின் தொடங்கிய கிரப், கோப்பு முறைமையைத் தானே படிக்கக் கற்றுக்கொண்டது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த கணினிகளை வாங்கிய மாணவர்களுக்கு, எதில் நுழைவது என்று கேட்கும் கிரப்பின் பட்டியல் பழகிய முகம்.

கோப்பைப் படிக்கத் தெரிந்ததால்தான் கிரப்புக்கு இன்னொரு நிலையும் உண்டு. திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றால் பலர் பதறுகிறார்கள். உண்மையில் அது நல்ல செய்தி. கோர் இமேஜ் உயிரோடு இருக்கிறது, தன் கோப்புறையைத்தான் காணவில்லை. 'எல்எஸ்' கட்டளை கொடுத்தால் வட்டுகளையும் பிரிவுகளையும் காட்டும். கோப்புறை இருக்கும் பிரிவைக் கண்டுபிடித்து அதன் முகவரியைச் சொல்லி, 'நார்மல்' என்ற தொகுதியை ஏற்றி ஓடவிட்டால் பட்டியல் வந்துவிடும். உள்ளே போனதும் கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும். அப்போது 'எஸ்டிஏ' என்ற முழு வட்டின் பெயரைக் கொடுக்க வேண்டும், 'எஸ்டிஏ1' என்ற பிரிவின் பெயரை அல்ல. இந்த ஓர் இலக்கத்தில் சறுக்கியவர்கள் ஏராளம்.

2005-இல் அமைந்த யுஇஎஃப்ஐ மன்றத்தின் புதிய முறையில் 446 பைட் நெருக்கடி இல்லை. ஃபேட் முறையில் அமைந்த தனிப் பிரிவு ஒன்றிலிருந்து, தாய்ப்பலகையே பூட் லோடரைக் கோப்பாகப் படித்துக்கொள்கிறது. ஆனால் வேறு சிக்கல் முளைத்தது. வட்டில் இருக்கும் விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையில். பென் டிரைவ் எழுந்ததோ பழைய பயாஸ் முறையில். நிறுவும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், எழும்போதுதான் வேற்றுமை தெரியும். நிறுவத் தொடங்குமுன் பென் டிரைவ் லினக்ஸில் 'சிஸ்' கோப்புறைக்குள் 'ஃபர்ம்வேர்', அதற்குள் 'இஎஃப்ஐ' இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் புதிய முறை.

செக்யூர் பூட்டும் இதே குடும்பம். கையொப்பம் சரியாக இல்லாத பூட் லோடரை அது ஓடவிடாது. 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, பழைய பூட் லோடர்களைத் தடைசெய்யும் பட்டியலை மாற்றியது. இரண்டு இயங்குதளங்களும் சேர்ந்திருக்கும் கணினிகளைத் தொடக்கூடாது என்பதுதான் திட்டம்; சிலவற்றை அது அடையாளம் காணத் தவறியது. அதுவரை ஒழுங்காக எழுந்த லினக்ஸ் கணினிகள், ஏதோ கடுமையான தவறு நேர்ந்துவிட்டது என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு அணைந்துபோயின. அந்த வரியிலேயே 'எஸ்பிஏடி' என்ற சொல்லும் இருந்தது. தேட வேண்டியது அதைத்தான்.

இத்தனைக்கும், பூட் லோடர் தொங்கிவிட்டது என்று சொல்லப்படும் பல வேளைகளில் பூட் லோடர் மீது குற்றமே இல்லை. பட்டியல் வந்து, உபுண்டுவையோ டெபியனையோ தேர்ந்தெடுத்தபின், 'லோடிங் இனிஷியல் ராம்டிஸ்க்' என்று வந்து நின்றால், பெரும்பாலும் கிரப் தன் பணியை முடித்துக் கர்னலிடம் ஒப்படைத்துவிட்டது. கர்னல் ஓடிக்கொண்டே இருக்கலாம். கிராபிக்ஸ் அட்டையைக் கையாளத் தெரியாததால் திரை மட்டும் இருண்டிருக்கும். புது என்விடியா அட்டைகளில் இது அடிக்கடி நடக்கிறது. இங்கே குறுக்கே நிற்பது, கர்னல் சொல்வதையெல்லாம் மறைத்து அழகான சின்னம் காட்டும் 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற இரு சொற்கள். முதல் முறை எழும்போதாவது அவற்றை நிறுவிகள் சேர்க்காமல் விடலாம். பழுதைத் தேடுபவருக்குக் கர்னல் காட்டும் எழுத்துகள்தான் ஒரே துணை.

பட்டியலில் நின்றபடி 'இ' விசையை அழுத்தினால் துவக்க வரிகள் திறக்கும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் இறுதியில் இருக்கும் அந்த இரு சொற்களை அழித்து, அங்கே 'நோமோட்செட்' என்று சேர்த்து, கன்ட்ரோலோடு எக்ஸ் அழுத்த வேண்டும். மடமடவென வரிகள் ஓடும். கோளாறு கிராபிக்ஸில்தான் என்றால் உள்நுழையும் திரை வந்துவிடும். வேறெங்காவது என்றால் ஓட்டம் ஒரு வரியில் நிற்கும், அந்த வரியைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். உள்ளே போனதும் சரியான கிராபிக்ஸ் டிரைவரை நிறுவிவிட வேண்டும். 'இ' விசையில் செய்த திருத்தம் அந்த ஒரு முறைக்குத்தான். கணினியை அணைத்துப் போட்டால் பழைய வரியே திரும்ப வரும்.